ஒரு பக்க மூக்கில் மட்டும் நீர் வடிகிறதா?

வாசல் தெளித்துக் கோலம் போடக் குனியும்போது, ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் போலச் சொட்டுகிறது. தும்மல் இல்லை, சளி இல்லை. தொண்டையில் உப்புக் கரிக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியானாலும் ஆலங்குடியானாலும் இதற்கு உடனே கிடைக்கும் பெயர் நீர்க்கோவை. நொச்சி போட்டு ஆவி பிடிப்பார்கள், மெடிக்கலில் அலர்ஜி மாத்திரை வாங்குவார்கள். ஆனாலும் சொட்டுவது மாதக்கணக்கில் நிற்காது. வடிவது சளியாக இல்லாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைநீராக இருக்கலாம்.

பெரியவர்கள் உடலில் எந்நேரமும் சுமார் 150 மி.லி. மூளைநீர் இருக்கும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மி.லி. புதிதாகச் சுரக்கும். மண்டையோட்டின் அடித்தளம்தான் மூக்கின் கூரை. அங்கே எலும்பு மிக மெல்லியது. தலைக்குள் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அந்த எலும்பு தேய்ந்து, மூளை உறையும் கிழிந்துவிடுகிறது. அடிபடாமலே வரும் இந்தக் கசிவு, உடல் பருமனுள்ள நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது.

நீர் வெளியேறும் ஓட்டை வழியே மூக்கிலுள்ள கிருமிகள் உள்ளேயும் போகும். மூளைக்காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 2020-இல் நடந்தது ஒரு பாடம். நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கொரோனா பரிசோதனைக்காக மூக்கில் குச்சி விட்டபின், ஒரு பக்கம் மட்டும் நீர் வடிந்தது. தலைவலியும் வாந்தியும் சேர்ந்தன. அவருக்கு மூக்கின் கூரையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. 2017-இல் எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே அது பதிவாகியிருந்தும், சைனஸ் கோளாறு என்று படிக்கப்பட்டிருந்தது. பழைய ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதனால்தான்.

வடியும் நீரைச் சிறு பாட்டிலில் பிடித்து மூளைநீரை அடையாளம் காட்டும் 'பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின்' புரதப் பரிசோதனைக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். அந்த நீரின் சர்க்கரை அளவை மட்டும் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. ஓட்டை எங்கே என்பதை நுண்ணிய சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் காட்டும்.

அறுவை சிகிச்சை என்றதும் மண்டையைத் திறப்பார்களோ என்ற பயம் வருவது இயல்புதான். 1926-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி அப்படித்தான் ஓட்டையை அடைத்தார். 1980-களிலிருந்து எண்டோஸ்கோப் வந்துவிட்டது. மூக்கு வழியாகவே போய், தொடையிலிருந்து எடுக்கும் தசையுறை, கொழுப்பு அல்லது மூக்கின் உட்சவ்வு கொண்டு ஓட்டையை அடைக்கிறார்கள். முகத்தில் தழும்பு இருக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு முதல் முயற்சியிலேயே சரியாகிறது. ஆனால் தலைக்குள் உள்ள அழுத்தத்தையும் உடல் எடையையும் குறைக்காவிட்டால் கசிவு திரும்பலாம். சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வீட்டு வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளாமல் இந்தச் சிகிச்சை முழுமையாகாது.

புதுக்கோட்டை முள்ளூரில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. முதலில் அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, தேவையானால் திருச்சி, தஞ்சை, மதுரை அரசு மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும். உங்கள் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்பதை அட்மிட் ஆகும் முன்பே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள்.

கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள். சிகிச்சையின் ஆபத்தையும் மாற்று வழியையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புரியாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூக்கில் நீர் வடிபவருக்குக் காய்ச்சலும் கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.