இப்னே சஃபியின் துப்பறியும் உலகம்

துப்பறியும் புதினம் வெறும் பொழுதுபோக்கே என ஒதுக்குவோர், உருது எழுத்தாளர் இப்னே சஃபியின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1928இல் அலகாபாத்தை அடுத்த நாராவில் பிறந்த அஸ்ரார் அகமது முதலில் கவிஞர். பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். ஆபாசமின்றி உருதுப் புதினம் விலைபோகாது என்ற கூற்றை மறுத்து, 1952இல் ‘ஜாசூசி துனியா’ வரிசையைத் தொடங்கினார். அவ்வாண்டே கராச்சியில் குடியேறி, 1955இல் இம்ரான் வரிசையையும் படைத்தார்.

1960இல் மனநோய் அவர்தம் எழுதுகோலை முடக்கியது. மூன்றாண்டுக் காலம் போலிகள் பெருகின; ஆயினும் வாசகர் அவருக்காகவே காத்திருந்தனர். 1963இல் நலம்பெற்று மீண்டவர், 1980இல் மறையும்வரை எழுதினார். இருவரிசை நூல்களும் 200ஐக் கடந்தன. எல்லையின் இருபுறமும் விரும்பிப் படிக்கப்பட்டன.

விறுவிறுப்பும் நகைச்சுவையுமே அவற்றின் ஈர்ப்பு. மக்கள் கேட்பதையே தருகிறோம் என்று கூறி இழிந்தவற்றை எழுதுவோர்க்கு இவ்வெற்றியே தக்க விடை எனலாம்.