ஐந்து சுற்றுகள்: பொறியியல் வேலைத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் பல வீடுகளில் பொறியியல் படிக்கும் முதல் ஆள், இப்போது இறுதியாண்டில் இருக்கும் மகனோ மகளோதான். பருத்தியும் மக்காச்சோளமும் விற்ற பணத்தில் கட்டணம் கட்டிய பெற்றோரால், கேம்பஸ் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர முடியாது. அதனால் பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட, தேர்வு நடக்கும் முறை தெரியாமல் பாதியில் வெளியேறிவிடுகிறார்கள். இந்த முறையைக் கற்றுக்கொள்ள முடியும்.

சுற்றுகள் ஏன் இத்தனை?

தமிழ்நாட்டு மாணவர்கள் நன்கறிந்த சோஹோ நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். மென்பொருள் பணிக்கு அங்கே பொதுவாக ஐந்து சுற்றுகள். ஒவ்வொன்றும் வேறொரு திறமையைப் பார்க்கிறது.

முதல் சுற்று எழுத்துத் தேர்வு. கணக்கு, தர்க்கம் இவற்றோடு, ஒரு சிறிய 'சி' நிரலைக் கொடுத்து அதன் விடை என்ன என்று கேட்பார்கள். கணினி உதவியில்லாமல் வரி வரியாக நிரலைப் படிக்கத் தெரிய வேண்டும். தாளில் எழுதிப் பழகுவதே வழி.

இரண்டாவது, சிறு நிரல்கள் எழுதுவது. எண்கள், எழுத்துச் சரங்கள், வரிசைகள் பற்றிய கணக்குகள் வரும். மனப்பாடம் செய்த விடை இங்கே உதவாது.

மூன்றாவது சுற்றில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரயில் முன்பதிவு, டாக்ஸி புக்கிங் போன்ற ஒரு செயலியைச் சில மணி நேரத்தில் கட்டியெழுப்ப வேண்டும். முழுதும் எழுதி முடித்தபின் ஓட்டிப் பார்ப்பவர் பிழையில் சிக்கிக்கொள்வார். ஒரு பகுதியை எழுதி, ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்ததைச் சேர்ப்பவர் கரையேறுவார்.

நான்காவது தொழில்நுட்ப நேர்காணல், ஐந்தாவது ஹெச்.ஆர். ரவுண்டு.

நேர்காணலில் வாய் திறந்து யோசியுங்கள்

விடை தெரியாத கேள்வி நிச்சயம் வரும். அப்போது மௌனமாக இருந்தால், எதிரே இருப்பவருக்கு உங்கள் சிந்தனை தெரியாது. “முதலில் இதைப் பிரித்துப் பார்க்கிறேன், இந்த வழி ஏன் சரிவராது என்றால்…” என்று சொல்லிக்கொண்டே போங்கள். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், விளக்கத்தை முதலில் தமிழில் முழுமையாகச் சொல்லிப் பாருங்கள். பொருள் தெளிந்தபின் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்குங்கள். பல நேரம் ஆங்கிலப் பயமாகத் தோன்றுவது, பொருள் தெளியாததால் வரும் தயக்கம்தான்.

நேர்காணலில் ஃபைனல் இயர் புராஜெக்டைப் பற்றியும் கேட்பார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கினால், மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். உங்கள் ஊரிலேயே பொறியியல் கேள்விகள் கிடக்கின்றன. பெரம்பலூர் விவசாயிகள் சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் பட்டறைக்குள் வெப்பமும் ஈரமும் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து எச்சரிக்கும் கருவியைச் செய்தவர், எத்தனை கேள்விக்கும் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்வார்.

ஆலை வேலையும் அரசு நிறுவனமும்

நாரணமங்கலம் டயர் ஆலை, அரியலூர் சிமென்ட் ஆலைகள் என்று அருகிலேயே தொழிற்சாலைகள் இருக்கும் பகுதி இது. ஆலை வேலைக்குப் போகும் இயந்திரவியல், மின்னியல் மாணவர்கள் மோட்டார், பம்ப், பேரிங் ஆகியவற்றின் அடிப்படையை வரைந்து விளக்கப் பழக வேண்டும்.

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றுக்கு கேட் தேர்வே முதல் வாசல். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொது அப்டிட்யூட். பெற்ற ஸ்கோர் மூன்று ஆண்டுகள் செல்லும்.

எப்போது தொடங்குவது?

ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் அப்டிட்யூட்டும் நிரலெழுத்தும் கைக்கு வந்திருக்க வேண்டும். அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். அரியர் உள்ளவர்களைப் பல நிறுவனங்கள் எழுத்துத் தேர்வுக்கே அனுமதிப்பதில்லை. 2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகளை வருகைப் பதிவுக்காக மட்டும் முடிக்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள்.

தேர்வாகாவிட்டால், எந்தச் சுற்றில் நின்றோம், என்ன கேட்டார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த தயாரிப்பு அந்த இடத்திலிருந்து தொடங்கட்டும். வேலை கிடைத்தவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பெருநகர வீடுகளில் அப்பாவோ மாமாவோ சொல்லித்தருவதை, நம் ஊர்களில் முன்னே போன அண்ணன்களும் அக்காக்களும்தான் சொல்லித்தர வேண்டும்.