ஹண்டிங்டன் நோயும் மனநலமும்

1872-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 22. நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவம் பார்த்துவந்த சில குடும்பங்களில், கைகால்கள் தம் வசமின்றித் துள்ளியும் நெளிந்தும் அசையும் நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை அவர் அதில் விவரித்தார். இந்நோயின் தனித்தன்மைகள் என அவர் குறிப்பிட்டவை மூன்று. அது பரம்பரையாக வருவது. சித்தக் கலக்கத்துக்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்லும் இயல்புடையது. வளர்ந்த பருவத்தில்தான் கடுமையாக வெளிப்படுவது. இவற்றுள் இரண்டாவது காலப்போக்கில் பின்னுக்குப் போயிற்று. பொதுமக்களின் எண்ணத்தில் இது இன்றும் ஓர் அங்க அசைவு நோயாகவே நிலைத்திருக்கிறது. ஆனால், அந்த இரண்டாவது தன்மையே குடும்பத்தையும் பணியிடத்தையும் முதலில் வந்து தாக்குகிறது.

நோயின் மூலம் பற்றிச் சிறிது கூறுவது இன்றியமையாதது. வெனிசுலா நாட்டு மரக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் இந்நோயால் பீடிக்கப்பட்ட ஒரு பெருங்குடும்பத்தாரின் இரத்த மாதிரிகள் ஆய்வுக்குப் பெரிதும் துணை செய்தன. நோய்க்குரிய மரபணு 4-ஆவது குரோமோசோமில் இருப்பது 1983-இல் தெரியவந்தது; மரபணுவே 1993-இல் கண்டறியப்பட்டது. சி.ஏ.ஜி. எனப்படும் மூன்றெழுத்துத் தொடர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. 26 முறை அல்லது அதற்குக் குறைவாக வருவது இயல்பு. 36 முதல் 39 வரையெனில் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-ஐ எட்டினால் இயல்பான ஆயுட்காலத்துக்குள் நோய் வந்தே தீரும் என்பது பொதுவிதி. பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. அம்மரபணுவைப் பெறாத பிள்ளையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு அது செல்வதில்லை.

பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் நோய் வெளிப்படுகிறது. நம் நாட்டில் இருபதுகளிலேயே திருமணம் நடந்துவிடுவதால், தந்தையின் நோய்க்குப் பெயர் தெரியும் முன்பே பிள்ளைகள் பிறந்து வளர்ந்திருப்பர். ஐரோப்பிய வழிவந்த மக்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ 10 பேருக்கு இந்நோய் உள்ளது. ஆசிய மக்களிடையே இதனினும் குறைவு. எண்ணிக்கை குறைவு என்பதே ஒரு வகையில் இவர்களுக்குத் தீங்காகிறது. தம் பணிக்காலம் முழுவதும் ஒரு நோயாளியைக்கூடக் காணாத மருத்துவரும் இருக்கக்கூடும்.

உள்ளத்தில் தொடங்கும் மாற்றம்

மூளையின் ஆழத்திலுள்ள சில நரம்பணுத் திரள்களை இந்நோய் முதலில் அழிக்கிறது. உடல் அசைவை நெறிப்படுத்துவது மட்டும் அவற்றின் வேலையன்று. ஒரு செயலைத் தொடங்கும் ஊக்கம், சினத்தை அடக்குதல், பல வேலைகளை முறைப்படுத்துதல் ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பங்குண்டு. எனவே நோயாளியின் மனத்துயரத்தை, தீராத நோய் வந்த கவலையின் விளைவு என்று மட்டும் கொள்வது தவறு. கவலை உண்டு, ஆனால் நோயே மனத்தைத் தாக்குகிறது. அசைவுகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனச்சோர்வும் எரிச்சலும் தலைகாட்டுவது உண்டு.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். மனச்சோர்வு வேறு, ஊக்கமிழப்பு வேறு. சோர்வுற்றவர் துயருறுகிறார், தம்மையே பழித்துக்கொள்கிறார், உறக்கமிழக்கிறார். ஊக்கமிழந்தவரோ துயரம் எதுவுமின்றி வாளாவிருக்கிறார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சொல்லாவிடில் அப்படியே அமர்ந்திருப்பார். நோய் முற்ற முற்ற ஊக்கமிழப்பும் வளர்கிறது. மனச்சோர்வு அவ்வாறு நோயின் படிநிலையைப் பின்தொடர்வதில்லை. எக்கட்டத்திலும் வரலாம், மருத்துவத்தால் தணியவும் கூடும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் தீர்க்கக்கூடியது தீர்க்கப்படாமல் போகும். இவற்றுடன், தம்மிடம் நேர்ந்துள்ள மாற்றத்தை நோயாளி உணராமலிருப்பதும் உண்டு. அது பொய்யுமன்று, பிடிவாதமுமன்று. உணரும் ஆற்றலே குன்றிவிடுகிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் இக்கட்டுரையாளரே ஒரு தவறு செய்ததுண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நாற்பத்தொரு வயதுள்ள எழுத்தர் ஒருவர் மீதான துறை விசாரணையை நடத்த நேர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள் குறைசொல்ல இடமின்றிப் பணியாற்றியவர், கோப்புகளை மாதக்கணக்கில் மேசையிலேயே வைத்திருந்தார்; மேலாளரிடம் உரத்துக் கத்தினார்; குறிப்பாணைகளுக்கு விடையளிக்கவில்லை. விசாரணையின்போதும் தம்மிடம் குறையொன்றும் இல்லை என்றே அமைதியாகக் கூறினார். ‘பொறுப்பின்மை’ என்று அறிக்கையில் எழுதப்பட்டது. கட்டாய ஓய்வு தண்டனையாயிற்று. ஈராண்டுகள் கழித்து அவருடைய மனைவி ஓய்வூதியத் தாள்களுடன் வந்தபோது, உடன் வந்திருந்த அவருடைய கைவிரல்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைக் கூறிவிட்டிருந்தார். அவருடைய தாயாரும் நாற்பத்தைந்து வயதில் ‘பித்துப் பிடித்து’ இறந்தவர். விசாரணையில் எவரும் அதைக் கேட்கவில்லை. தண்டனை நீக்கப்பட மேலும் பதினான்கு மாதங்கள் ஆயின.

சட்டம் கூறுவது

பணிக்காலத்தில் இயலாமைக்கு உள்ளாகும் ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவிக் குறைப்போ செய்யலாகாது என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது; மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தனது 20-ஆவது பிரிவில் அதனைத் தொடர்கிறது. முன்பிருந்த பணிக்குத் தகுதியற்றவராயின் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இயலாதெனின் உபரிப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். 2016 சட்டத்தின் அட்டவணையில் ஹண்டிங்டன் நோயின் பெயர் இல்லை. எனினும், பார்க்கின்சன் நோய் ‘போன்ற’ நாட்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பும், மனநோய் என்ற தனித் தலைப்பும் அதில் உள்ளன. சான்றளிக்கும் மருத்துவக் குழு அந்தப் ‘போன்ற’ என்ற சொல்லை எவ்வாறு படிக்கிறது என்பதைப் பொறுத்துப் பல காரியங்கள் அமைகின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், மன இயலாமை உடையவர்மீது அதனோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் கூறியது. விசாரணை அலுவலர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் மனச்சோர்வுக்கும் எரிச்சலுக்கும் வழக்கமான மனநல மருந்துகள் பயன்படுகின்றன. அசைவுகளைக் குறைக்கத் தரப்படும் டெட்ராபெனசின் சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கவோ மிகுவிக்கவோ கூடும் என்பதால், அதைத் தொடங்கும்போது மனநிலையையும் கவனித்துவர வேண்டும். வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. அன்றாட நடைமுறையை மாற்றாதிருத்தல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேட்டல், விடைக்குப் பொறுமையாகக் காத்திருத்தல், வாதம் செய்யாதிருத்தல். இவற்றைச் செய்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ ஆவர். தேசிய வருமானக் கணக்கில் இவ்வுழைப்புக்கு இடமில்லை என்பதைப் பொருளியல் மாணவர்கள் அறிவர். அந்த உழைப்பாளியின் மனநலத்தை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

அறியும் உரிமையும் அறியாதிருக்கும் உரிமையும்

நோய் தோன்றும் முன்பே இரத்தப் பரிசோதனையால் மரபணுவைக் கண்டறிய முடியும். வயது வந்தோர் தாமே விரும்பினால் மட்டுமே, முன்னும் பின்னும் ஆலோசனையுடன், இது செய்யப்படவேண்டும் என்பதும், அறிகுறியற்ற சிறுவர்க்குச் செய்யலாகாது என்பதும் சர்வதேச நெறிமுறை. இவ்வசதி எளிதில் கிடைக்கும் மேலைநாடுகளிலும், பரிசோதனைக்கு முன்வருபவர் வாய்ப்புடையோருள் சிறுபகுதியினரே. மேற்கூறிய எழுத்தரின் மகன் பரிசோதித்துக்கொண்டார். மரபணு இல்லை என்று தெரிந்தது. தங்கையை நினைத்து அவரால் பல மாதங்கள் மகிழ முடியவில்லை. இத்தகைய குற்றவுணர்வு நல்ல முடிவு பெற்றவர்களிடம் காணப்படுவதே. மகள் பரிசோதனை வேண்டாம் என்றார். வரன் பார்க்கும் உறவினர்கள் வற்புறுத்தியபோதும் அம்முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

தற்கொலை எண்ணம் மிகும் காலங்கள் இரண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன. அறிகுறிகள் தோன்றி நோய் உறுதியாகும் தறுவாய் ஒன்று. வாகனம் ஓட்டுதல், வேலை, பணம் கையாளுதல் ஆகியவற்றில் தற்சார்பு கைநழுவும் கட்டம் மற்றொன்று. அக்காலங்களில் மருத்துவரும் குடும்பத்தாரும் நேரிடையாகக் கேட்டுவிடுவதே நன்று. கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கருத வேண்டும் என்கிறது. உடல்நோய்க்கு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் எனவும் விதிக்கிறது. நரம்பியலும் மனநலமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துக்கு எல்லாரும் செல்ல இயலாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அணுகலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலும் அழைக்கலாம். நோயாளி மட்டுமன்றி, அவரைப் பராமரிப்பவரும் அழைக்கலாம்.