வீல் போல்ட்டும் ஓர் அமானிதமே!

 

ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரைத் தாண்டியதும் வருவது சிங்கப்பெருமாள் கோவில். செங்கல்பட்டை நோக்கி விரையும் பேருந்துகள் ஒருபுறம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பிரியும் கனரக வண்டிகள் மறுபுறம். இவற்றுக்கு நடுவே குடும்பத்தைச் சுமந்துகொண்டு ஒரு சிறு கார் செல்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் மகனை அழைத்துவர மீனம்பாக்கம் செல்லும் காராக அது இருக்கலாம். அதன் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து நிற்பவை விரல் பருமனுள்ள நான்கைந்து போல்ட்டுகளே. அவற்றுள் ஒன்றின் மரை போயிருப்பதை அறிந்தும், ‘மற்றவை தாங்கும்’ என்று புறப்படுவது முறையாகுமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என வினவியவரிடம், கட்டிவிட்டே நம்பும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதீ நூலில் உள்ளது. பயண துஆ ஓதுவதோடு சக்கரத்தைச் சரிபார்ப்பதும் தவக்குலின் பகுதியே அன்றோ!

ஏன் கெடுகிறது?

நட்டை இறுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவு நீண்டு, ரப்பரைப் போல் சக்கரத்தை உள்ளிழுத்துப் பிடிக்கிறது. ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி மிதித்து இறுக்கினால், போல்ட் தன் எல்லையைக் கடந்து நீண்டு வலுவிழக்கும். கோணலாக ஏற்றிய நட்டை மிஷின் கொண்டு சுழற்றினால் மரை அழியும். நட்டு தளர்ந்தபடி ஓட்டினாலோ, சக்கரம் ஆடி ஆடிப் போல்ட்டையே முறித்துவிடும். நட்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதும், பாதியில் நின்றுவிடுவதும், அதைச் சுற்றித் துருக்கோடு வழிவதும் எச்சரிக்கைகள்.

வாங்கும்போது கவனம்

மாருதி கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ஹூண்டாய் கார்களில் 1.5. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் ஓரிரு சுற்றிலேயே இறுகி மரையைக் கெடுக்கும். எனவே பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுசென்று நீளம், மரை, கழுத்திலுள்ள பற்களின் பருமன் மூன்றையும் ஒப்பிடுங்கள். மறைமலைநகர் போர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022இல் நின்றுபோனாலும், அங்கே பிறந்த கார்கள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அத்தகைய கார்களுக்கும் புதிய போல்ட்டையே தேடி வாங்குங்கள். கழற்றி விற்கும் பழையது வேண்டாம். போக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற கார்களில் சக்கரத்தின் வெளியிலிருந்தே போல்ட்டைத் திருகுவார்கள். அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

மாற்றும் முறை

பின்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். சமமான கெட்டித் தரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை நீட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியபின் கைபிரேக்கை விடுவித்து டிரம்மை எடுங்கள். உள்ளே படிந்த தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். முன்சக்கரமாயின் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள். அது பிரேக் குழாயில் தொங்கக் கூடாது.

இனி, கெட்ட போல்ட்டின் முனையில் சுத்தியலால் நேராகத் தட்டினால் அது பின்புறமாக வெளியேறும். சில அடிகளில் அசையாவிட்டாலும், பின்னால் எடுக்க இடமில்லாவிட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஓங்கி அடித்தால் பேரிங் பழுதாகும். ஹப்பைக் கழற்றும் வேலை மெக்கானிக்கிற்கு உரியது.

புதிய போல்ட்டைப் பின்புறத்திலிருந்து செருகி, அதன் பற்கள் பழைய தடத்தில் பொருந்துமாறு திருப்புங்கள். முன்பக்கம் தடித்த வாஷர்கள் சிலவற்றைக் கோத்து, ஒரு பழைய நட்டின் தட்டையான பக்கம் உள்ளே வருமாறு மாட்டி மெல்ல இறுக்குங்கள். போல்ட்டின் தலை ஹப்பில் இடைவெளியின்றி அமரும்வரை அது இழுபட்டு வரும். அந்த நட்டை எறிந்துவிட்டுப் புதியதைப் பயன்படுத்துங்கள். ஒரு போல்ட் முறிந்திருந்தால் அதன் சுமையை ஏற்ற மற்றவையும் தளர்ந்திருக்கும். அச்சக்கரத்தின் எல்லாப் போல்ட்டுகளையும் மாற்றுவதே நலம்.

‘பிஸ்மில்லாஹ்’ கூறி, நட்டுகளை முதலில் கையாலேயே ஏற்றுங்கள். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். தடவினால் அளவுக்கு மேல் இறுகிவிடும். காரை இறக்கி, எதிரெதிராக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சிறு கார்களுக்கு ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் காரின் கையேடு கூறும் அளவே இறுதியானது. புறப்படுமுன் பிரேக்கைச் சிலமுறை மிதித்துப் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சோதியுங்கள்.

அரை நாள் உழைப்பும் சிறிதளவு செலவும் தாம் இதற்கு வேண்டியவை. நம்மை நம்பிப் பின்னிருக்கையில் அமரும் தாயும் மனைவியும் மக்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். எதிரே வரும் அறிமுகமற்றவரின் உயிரும் அப்படியே. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், அடுத்த பயணத்திற்கு முன்பே குனிந்து அந்த நட்டுகளைப் பாருங்கள்.

வல்ல இறைவன் நம் பயணங்கள் அனைத்தையும் பாதுகாப்பானவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.