தொழிலின் சூட்சுமம் யாருடைய சொத்து?

“சொல்லிக் கொடுத்தவன் ஏமாளி!” பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சு உண்டு. மூத்த தொழிலாளி தாம் கண்ட சூட்சுமத்தைத் தம்மோடு வைத்துக்கொள்கிறார். இளையவரோ பத்து நாள் தடுமாறி, பழைய தவற்றையே மீண்டும் செய்கிறார். இது சுயநலம் என்று ஏசுவோர் உண்டு. நாம் ஏசமாட்டோம்.

ஏன்? அமெரிக்காவில் டெய்லர் என்பவர் 1911-ல் ஒரு நூல் வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளரிடம் சேர்ந்த அறிவையெல்லாம் நிர்வாகம் திரட்டி, விதிகளாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்றார். சிந்திப்பது மேலே, செய்வது கீழே! அறிவைக் கொடுத்தவனுக்கு மறுநாள் கிடைப்பது வேகக் கணக்கு என்றால், அவன் வாய் மூடிக்கொண்டதில் வியப்பென்ன?

ஆனால், தோழர்களே, பழி முழுவதையும் முதலாளி தலையில் போட்டுவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. மனிதர் சிந்திக்கும் முறையே பலவகை. உள்ள வழியிலேயே நின்று அதைச் செம்மைப்படுத்துவோர் ஒரு வகை. வழியையே மாற்றத் துடிப்போர் மற்றொரு வகை. பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் கிர்ட்டன் 1976-ல் இதை எடுத்துரைத்தார். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று அவர் சொல்லவில்லை. முதல் வகையார் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைப்பார். இரண்டாமவர் அந்தக் குறிப்பேட்டைத் திறந்தும் பார்க்கமாட்டார். எழுதச் சொன்னாலோ பேனா ஓடாது. ஆனால் தேநீர்க் கடையில் உட்காரவைத்துக் கேளுங்கள், மடைதிறந்த வெள்ளம்தான்!

இது வெறும் கற்பனையன்று. ஜெராக்ஸ் கம்பெனியில் பழுது பார்ப்போரோடு கூடவே திரிந்து ஆராய்ந்தார் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர். அவருடைய நூல் 1996-ல் வந்தது. கம்பெனி கொடுத்த விளக்கப் புத்தகம் கையில் இருந்தது. ஆனால் இயந்திரம் ஒரு கோளாற்றைக் காட்டும். உண்மைக் கோளாறு வேறிடத்தில் இருக்கும். புத்தகம் கைவிட்ட இடத்தில் கைகொடுத்தது எது? “அன்றொரு நாள் அந்த மெஷினில் இப்படித்தான் ஆயிற்று” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகள்! காலைச் சிற்றுண்டியின்போதும் பகலுணவின்போதும் பேசிய பேச்சு. மேலதிகாரி கண்ணுக்கு அது வெட்டிப் பேச்சு.

பின்னர், 1990-களில், அதே கம்பெனியில் ‘யுரேகா’ என்ற ஏற்பாடு வந்தது. பழுது பார்ப்போரே குறிப்பு எழுதினர். சக தொழிலாளரே சோதித்து ஒப்புக்கொண்டனர். எழுதியவர் பெயர் குறிப்போடு நின்றது. பெயர் நின்றது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்லுகிறோம். உழைத்துக் கண்டதை ஊர் அறியாமல் விழுங்கிவிடாத ஏற்பாடு அது.

நம் சங்கங்கள் கேட்க வேண்டியதும் இதுதான். எழுத வராதவர் சொல்லட்டும், எழுத வல்லவர் பக்கத்திலிருந்து எழுதட்டும், இருவர் பெயரும் இருக்கட்டும். அதைக் காட்டி ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி நிர்வாகத்தின் கையெழுத்தோடு முன்கூட்டியே வரட்டும். தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் வீண் என்று கணக்கெழுதும் கனவான்கள், அந்தப் பத்து நிமிடப் பேச்சில் எத்தனை இயந்திரங்கள் பழுது நீங்கின என்று எழுதியதுண்டா?