பேட்டரிக்கு ஜாதகம் எழுதும் ஏஐ

உங்க போனை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சா? புதுசுல காலையில சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் தாங்கியிருக்கும். இப்போ மதியம் லேப் முடியறதுக்குள்ள சார்ஜரைத் தேடுவீங்க. இந்தத் தேய்மானத்தை, பேட்டரி புதுசா இருக்கும்போதே கணிச்சுச் சொல்ல முடியுமா? மின்வேதியியல் ஆராய்ச்சியில் ஏஐ உண்மையிலேயே எங்கே உதவியிருக்குன்னு யாராவது கேட்டா, நான் முதல்ல சொல்ற உதாரணம் இதுதான்.

காத்திருப்புதான் பிரச்சினை

ஒரு செல்லை ஒரு தடவை சார்ஜ் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணினா அது ஒரு சைக்கிள். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினா அந்த செல்லின் ஆயுள் முடிஞ்சதுன்னு பொதுவா எடுத்துக்குவாங்க. ஒரு சைக்கிளுக்கு ஒரு மணி நேரம்னு வெச்சுக்கிட்டாக்கூட, 1000 சைக்கிளுக்கு 41 நாளுக்கு மேல ஆகும். புதுசா ஒரு சார்ஜிங் முறையை யோசிச்சா, அது நல்லதா கெட்டதான்னு தெரியவே இவ்வளவு நாள். ஒரே மெஷினில் இருபது யோசனைகளைச் சோதிக்க ரெண்டு வருஷம் தாண்டிடும். நம்ம டிகிரியில் பாதி!

124 செல்கள் சொன்ன ரகசியம்

2019-ல் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டொயோட்டா ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் ஆகிய மூன்று இடங்களின் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நேச்சர் எனர்ஜி இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஒரு பக்கம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், இன்னொரு பக்கம் கிராஃபைட். இப்படிப்பட்ட 124 செல்களை விதவிதமான வேகத்தில் சார்ஜ் பண்ணி, ஒரே மாதிரி டிஸ்சார்ஜ் பண்ணினாங்க. சில செல்கள் 150 சைக்கிளிலேயே படுத்துடுச்சு. சில செல்கள் 2300 வரை ஓடுச்சு.

ஆனா முதல் 100 சைக்கிளில் கொள்ளளவை மட்டும் பார்த்தா, பெரும்பாலான செல்களில் இறக்கமே தெரியலை. சீக்கிரம் சாகப் போற செல்லும், நீண்ட நாள் வாழப் போற செல்லும் ஒரே மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு.

அதனால அவங்க வேற இடத்தில் பார்த்தாங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த வோல்ட்டேஜில் எவ்வளவு சார்ஜ் வெளியே வருதுன்னு ஒரு வளைவு வரையலாம். 100-வது சைக்கிளின் வளைவிலிருந்து 10-வது சைக்கிளின் வளைவைக் கழிச்சாங்க. அந்த வித்தியாசம் எவ்வளவு சிதறியிருக்குன்னு அளந்தாங்க. நம்ம ஸ்டாட்ஸ் பேப்பர்ல படிச்ச வேரியன்ஸ்தான். சிதறல் கம்மியா இருந்தா ஆயுள் அதிகம், அதிகமா இருந்தா ஆயுள் கம்மி. ரெண்டையும் லாக் அளவில் வெச்சுப் பார்த்தா தொடர்பு மைனஸ் 0.93!

ஏன் அப்படி?

அவங்க தர்ற விளக்கத்தை நம்ம காலேஜ் பஸ்ஸை வெச்சுப் புரிஞ்சுக்கலாம். பஸ்ஸில் 60 சீட், தினமும் வர்றது 45 பேர். தினம் ஒரு சீட் உடையுது. முதல் 15 நாள் அட்டெண்டன்ஸில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆனா யார் எந்த சீட்டில் உட்கார்றாங்கன்னு கவனிச்சா, ரெண்டாவது நாளே விஷயம் தெரிஞ்சிடும். 16-வது நாளிலிருந்துதான் ஃபுட்போர்டில் தொங்க ஆரம்பிப்பாங்க.

லித்தியம்தான் பயணிகள், கிராஃபைட்தான் சீட். செல்லில் கிராஃபைட்டைத் தேவைக்கு மேலேயே வைப்பாங்க. அது கொஞ்சம் கெட்டாலும் கொள்ளளவு குறையாது, வோல்ட்டேஜ் வளைவு மட்டும் லேசா நகரும். இடம் தீர்ந்ததும் லித்தியம் உள்ளே போக முடியாம மேற்பரப்பில் உலோகமாப் படியும். அப்புறம் சரிவு வேகமா நடக்கும்.

இப்போ ஏஐ பக்கம். பெரிய நியூரல் நெட்வொர்க் ஏதாவது இருக்கும்னு நினைச்சீங்களா? இல்லை. அடிப்படையில் லீனியர் ரெக்ரஷன்தான், தேவையில்லாத மாறிகளை அடக்கி வைக்க ஒரு கட்டுப்பாடு மட்டும் கூட உண்டு. முதல் 100 சைக்கிளை வெச்சு ஆயுளை 9.1 சதவீதப் பிழையில் கணிச்சுது. முதல் 5 சைக்கிளை மட்டும் வெச்சு, நீண்ட ஆயுளா குறுகிய ஆயுளான்னு பிரிக்கறதில் பிழை 4.9 சதவீதம்.

கணிப்பு கையில் இருந்தா

அடுத்த வருஷமே, 2020-ல், நேச்சர் இதழில் இதன் தொடர்ச்சி வந்தது. பத்து நிமிஷத்தில் வேகமா சார்ஜ் பண்ண 224 வழிகள், அதில் எது பேட்டரியை அதிக நாள் வாழ வைக்கும்? ஒவ்வொரு செல்லையும் சாகும் வரை ஓட்டாம, ஆரம்ப சைக்கிள்களை வெச்சு ஆயுளைக் கணிச்சாங்க. அந்தக் கணிப்பைப் பார்த்து, அடுத்து எதைச் சோதிக்கணும்னு பேய்சியன் ஆப்டிமைசேஷன் முடிவு பண்ணுச்சு. 500 நாளுக்கு மேல ஆகியிருக்க வேண்டிய வேலை 16 நாளில் முடிஞ்சுது.

நான் அடிபட்ட இடம்

இதைப் படிச்ச உற்சாகத்தில், அவங்க பொதுவில் வெச்சிருக்கற அதே டேட்டாவை எடுத்து என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ஆரம்பிச்சேன். ஆழமான ஒரு மாடல், கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு ரிசல்ட். ரிவ்யூவில் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "டெஸ்ட்ல இருக்கற செல் எதுவும் ட்ரெயினிங்ல இல்லையேப்பா?"

பதில் வரலை. நான் எல்லா சைக்கிளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் பிரிச்சிருந்தேன். ஒரே செல்லின் 50-வது சைக்கிள் ட்ரெயினிங்கில், 51-வது சைக்கிள் டெஸ்டில். மாடல் வேதியியலைக் கத்துக்கலை, எந்த செல்லுக்கு என்ன விடைன்னு மனப்பாடம் பண்ணியிருக்கு. அவுட்டான கொஸ்டின் பேப்பர்ல எழுதின பரீட்சை! அன்னிக்கு ராத்திரியே செல் வாரியாப் பிரிச்சு ஓட்டினேன். ரிசல்ட் தரைமட்டம். அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து அந்த வளைவுகளை ஒவ்வொண்ணா வரைஞ்சு பார்க்கவே ஆரம்பிச்சேன். முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியது.

இன்னொண்ணு. அந்த ஆய்வு ஒரே வகை செல், ஒரே வெப்பநிலை, ஒரே டிஸ்சார்ஜ் முறையில் நடந்தது. வேற வகை செல்லுக்கு அதே சூத்திரத்தை அப்படியே போட முடியாது. புதுசாச் சோதிச்சு, புது டேட்டாவில்தான் மாடலைப் பழக்கணும்.

ஜூனியர்ஸ், அடுத்த வருஷம் ஏஐ ப்ராஜெக்ட் எடுக்கப் போறீங்கன்னா மாடலைத் தேடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. டேட்டா எந்த நிலைமையில் எடுத்தது? டெஸ்ட் டேட்டா உண்மையிலேயே மாடல் பார்க்காததா? நாம கொடுக்கற எண்ணுக்குப் பின்னாடி என்ன வேதியியல் நடக்குது? மூணாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சவங்களுக்கு நேர்கோடே போதுமா இருந்துச்சு. தெரியாத எனக்கு ஆழமான நெட்வொர்க்கும் கை கொடுக்கலை.