வீட்டுக்கு ஒரு வெல்டிங் இயந்திரம்

இரும்பை இரும்போடு ஒட்டும் கலையைப் பற்றி நம் சங்க மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் வியக்கக்கூடும். பொங்கல் விழா மேடைக்குச் சட்டம் அடிக்கும் தம்பிகள் முதல், சைக்கிளுக்குப் பின்னே இழுவண்டி பூட்ட முயலும் இயந்திரவியல் மாணவர் வரை, பௌதிகம் படிக்கிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைத் தேடி வந்து, "எஃகு, அலுமினியம் இரண்டையும் ஒட்டும் மலிவான இயந்திரம் எது?" என்று கேட்கிறார்கள். நாகபுரியில் வாழும் என் தமையனாரும் இதையே கேட்டார். வீட்டின் பின்புறம் சிறு பட்டறை போட அவர் கையில் இருந்தது மூன்றாண்டுச் சேமிப்பு. பொருந்தாத இயந்திரத்தில் அது முடங்கினால், இன்னும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

அப்படி ஓர் இயந்திரம் மலிவாகக் கிடையாது என்பதே விடை. ஏன் என்பதுதான் சுவையான விஷயம்.

சாதாரண எஃகு ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியானால் அலுமினியத்தை ஒட்டுவதுதானே எளிது? இல்லை. காய்ச்சிய பாலின்மேல் ஆடை படர்வதுபோல, காற்றுப்பட்ட மாத்திரத்தில் அலுமினியத்தின்மேல் ஆக்ஸைடுப் படலம் ஒன்று மூடிக்கொள்கிறது. அது உருக 2000 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஆகவே உள்ளே உலோகம் நீராய் ஓடும்போதும் மேலே தோல் கிழியாமல் நிற்கும். இரு துண்டுகளும் கலக்கமாட்டா. போதாக்குறைக்கு, அலுமினியம் எஃகைவிட நான்கைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடுகிறது. சிவந்து காட்டி எச்சரிக்கும் நல்ல குணமும் அதற்கு இல்லை. வெள்ளையாகவே இருந்து திடீரென்று துளை விழுந்துவிடும்.

இந்தத் தோலை உரிக்க மின்சாரமே உதவுகிறது. டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்ட 'டிக்' முறையில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஒட்டப்படும் துண்டு எதிர்முனையாகும் அரைச்சுற்றில் படலம் சிதறுகிறது. அடுத்த அரைச்சுற்றில் உலோகம் சூடேறுகிறது. இதற்கு 'ஏ.சி. டிக்' இயந்திரம்தான் வேண்டும். அதன் விலை சாதாரண ராடு வெல்டிங் இயந்திரத்தைப்போலப் பல மடங்கு. ஆர்கான் சிலிண்டர் செலவு தனி.

இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. மலிவான ராடு இயந்திரங்கள் பலவற்றின் பெட்டியிலும் 'டிக்' என்று பொறித்திருப்பார்கள். அது பெரும்பாலும் நேர்திசை மின்னோட்டம் மட்டுமே தருவது. எவர்சில்வருக்கு ஆகும், அலுமினியத்துக்கு ஆகாது. 'ஏ.சி.' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் கடைக்காரர் சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிவிடாதீர்கள். கம்பிச் சுருள் ஓடும் 'மிக்' இயந்திரம் மெல்லிய எஃகுத் தகட்டுக்கு அருமையானது. வாயு வேண்டாத கம்பியும் கிடைக்கிறது. ஆனால் மெத்தென்ற அலுமினியக் கம்பி நீண்ட குழாய்க்குள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அதற்குத் தனித் துப்பாக்கியும் தூய ஆர்கானும் தேவை.

ஆதலால் தமையனாரிடம், பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் இன்வெர்ட்டர் ராடு இயந்திரமே போதும் என்றேன். கேட், ஜன்னல் கம்பி, மேசைக்கால் எல்லாம் அதில் முடியும். அலுமினியத்துக்கு ரிவெட் அடிக்கலாம், அல்லது ஆர்கான் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து வாங்கலாம். மாதம் இரண்டு துண்டுக்காகச் சிலிண்டர் வாங்கி வைப்பது, ஒரு குவளைப் பாலுக்காகப் பசு வளர்ப்பதுதான்.

பெட்டியில் '200 ஆம்பியர்' என்று இருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். 80 ஆம்பியரில் வில்லின் அழுத்தம் சுமார் 23 வோல்ட். ஆகவே திறன் ஏறத்தாழ 1,850 வாட். இயந்திரத்தின் இழப்பையும், அது மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் துடிப்புத் துடிப்பாக இழுப்பதையும் சேர்த்தால், நம் 230 வோல்ட் இணைப்பிலிருந்து 14, 15 ஆம்பியர் போகும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கின் எல்லை ஏறத்தாழ அதுவே. 200 ஆம்பியரை முழுதும் கேட்டால் வீட்டு வயரிங் தாங்காது. மேலும், '60 சதவீதம்' என்று எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமே அந்த மின்னோட்டத்தில் வேலை, மீதி ஓய்வு என்று பொருள். அதுவும் வழக்கமாக 40 டிகிரி வெயிலுக்குச் சொன்ன கணக்கு. மே மாத நாகபுரியில் இயந்திரம் இன்னும் சற்று அதிகமாகவே இளைப்பாறும்.

மிச்சப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது பத்தாம் எண் கறுப்புக் கண்ணாடியுள்ள முகமூடி. வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். பிறகு தோல் கையுறை, பருத்திச் சட்டை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை ஒட்டுவதானால், பூச்சை முனையில் தேய்த்து நீக்கிவிட்டு, திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள்; அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரக்கூடும். விடுதி அறைக்குள் வைத்துச் செய்யலாமா என்று கேட்ட தம்பிக்கும் இதே பதில்தான்.